உங்கள் வீட்டில் என்ன தரை?

சென்ஸஸ் கணக்கு எடுக்க வருகிறவர் பல கேள்விகள் கேட்பார். வீட்டில் எத்தனை பேர், குடிநீர் எங்கிருந்து வருகிறது, சமையல் விறகிலா காஸிலா என்று கேட்பார். இவற்றை ஏன் கேட்கிறார் என்பது நமக்குப் புரிகிறது. ஆனால் ஆரம்பத்திலேயே அவர் கேட்கும் ஒரு கேள்வி பலருக்கு வேடிக்கையாக இருக்கும்.

"இந்த வீட்டின் தரை எதனால் ஆனது?"

மண்ணா, மரமா, செங்கல்லா, கல்லா, சிமெண்டா, மொசைக்கா, டைல்ஸா என்று கேட்டு எழுதிக்கொள்வார். 2011-ல் நடந்த கணக்கிலும் இந்தக் கேள்வி இருந்தது. அடுத்த கணக்கு 2021-ல் நடந்திருக்க வேண்டும். கொரோனாவால் தள்ளிப்போயிற்று. கடைசியில் 2027 கணக்குக்கான வீட்டுப் பட்டியல் வேலைக்கு, 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்று மத்திய சர்க்கார் காலம் வகுத்தது. அதற்காகத் தயாரித்த 33 கேள்விகளில் தரையும் உண்டு.

நம் வீட்டுத் தரையைப் பற்றி டில்லிக்கு என்ன கவலை? கவலைப்படக் காரணம் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் வரும்படியைக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. கூடச் சொல்வோரும் உண்டு, குறைத்துச் சொல்வோரும் உண்டு. தரையோ பொய் சொல்லாது. கீழே குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

2001-ல் இந்தியாவில் 100 குடும்பங்களில் 57 குடும்பங்கள் மண் தரையில் வாழ்ந்தன. 2011-ல் அது 46.5 ஆகக் குறைந்தது. அதே பத்து ஆண்டில் சிமெண்டு தரை 26.5-லிருந்து 31.1 ஆக உயர்ந்தது. மொசைக்கும் டைல்ஸும் சேர்ந்து 7.3-லிருந்து 10.8 ஆயின. மண் பின்வாங்குகிறது, சிமெண்டு முன்னே வருகிறது என்பது தெளிவு. ஆனால் 2011-ல்கூட, கிட்டத்தட்டப் பாதிக் குடும்பங்கள் மண்ணில்தான் படுத்து உறங்கின என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மண் தரையில் என்ன கெடுதல்?

மண் தரையை இழிவாகப் பேச வேண்டாம். நம் பாட்டிமார் சாணமிட்டு மெழுகிய தரை வெயில் காலத்தில் குளுகுளுவென்று இருக்கும். காசு செலவில்லை. விரிசல் விட்டால் மறுநாளே மெழுகிக்கொள்ளலாம். ஆனால் அந்த மெழுகும் வேலை முழுவதும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. மழைக் காலத்தில் எத்தனை மெழுகினாலும் தரை நசநசவென்றே இருக்கும்.

பெரிய கெடுதல் கண்ணுக்குத் தெரியாதது. வயிற்றுப் பூச்சியின் முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது. கழுவினால் சேறாகிவிடும். குழந்தை அதில் தவழ்கிறது. கையை வாயில் வைக்கிறது. முட்டை வயிற்றுக்குள் போகிறது. கொக்கிப்புழு வாய் வழியாக வரவும் காத்திருப்பதில்லை. வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டே உள்ளே புகுந்துவிடும். அது குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். குழந்தை வெளுத்துச் சோகை பிடித்துப் போகும்.

பிப்ரவரி 10-ம் தேதியும் ஆகஸ்டு 10-ம் தேதியும் பள்ளிக்கூடங்களில் குழந்தைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கும் திட்டம் 2015-ல் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைத்தான் கொல்லும். மறுநாள் தரையிலிருந்து வரும் முட்டையை அது என்ன செய்யும்?

மெக்ஸிகோ செய்த சோதனை

இதற்கு ஒரு நாடு துணிந்து விடை தேடியது. அமெரிக்காவுக்குத் தெற்கே உள்ள மெக்ஸிகோவில் கோவவீலா என்று ஒரு மாநிலம். அங்கே 2000-ல் "பிஸோ ஃபிர்மே" என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். "உறுதியான தரை" என்பது அதன் பொருள். ஏழைகளின் மண் தரை வீடுகளுக்கு லாரியில் ஈரக் காங்கிரீட்டைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வீட்டுக்காரர் அறைகளைக் காலி செய்து சமன்படுத்தி வைக்க வேண்டும். வீட்டுக்கு 50 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 540 சதுர அடி வரை தளம் கிடைத்தது. வீடு ஒன்றுக்கு ஆன செலவு சுமார் 150 டாலர்தான்.

அந்த மாநிலத்தின் தோர்ரியோன் நகரத்தை ஒட்டியே வேறொரு மாநிலத்தின் நகரங்கள் இருக்கின்றன. அங்கே இந்தத் திட்டம் இல்லை. மக்கள் ஒரே மாதிரி, தட்பவெப்பம் ஒரே மாதிரி, வறுமையும் ஒரே மாதிரி. தரை மட்டும் வேறு. ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இரு பக்கத்துக் குழந்தைகளையும் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள்.

வீடு முழுதும் மண்ணாக இருந்த தரை முழுதும் சிமெண்டாக மாறினால், குழந்தைகளின் வயிற்றுப் பூச்சித் தொல்லை 78 சதவிகிதம் குறைகிறது. வயிற்றுப்போக்கு 49 சதவிகிதம் குறைகிறது. சோகை 81 சதவிகிதம் குறைகிறது. சின்னக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிச் சோதனையில்கூட மார்க்குகள் உயர்ந்தன. தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்தது. வீட்டைப் பற்றி அவர்களுக்கு மனநிறைவு ஏற்பட்டது.

மருந்து இல்லை, மாத்திரை இல்லை. சில அங்குலக் காங்கிரீட் செய்த வேலை இது!

கடைசியில் வரும் தரை

நம் நாட்டிலும் வீட்டுத் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராம வீட்டுத் திட்டத்தில், சமவெளியில் வீடு ஒன்றுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள். வீட்டின் அளவு குறைந்தது 25 சதுர மீட்டர். தமிழ்நாட்டில் 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள்.

வீடு கட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அஸ்திவாரம் முதலில் பணத்தைத் தின்னும். அடுத்தது சுவர். அடுத்தது கூரைக் காங்கிரீட். அங்கேதான் கம்பி விலையும் சிமெண்டு விலையும் சேர்ந்து உதைக்கும். கதவு ஜன்னல் வந்ததும் கை வறண்டுவிடும். தரை எல்லாவற்றுக்கும் கடைசி. "இப்போதைக்கு ஜல்லியைப் போட்டு மேலே சிமெண்டுப் பால் பூசுவோம். டைல்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அந்தப் "பிறகு" பத்து வருஷம் ஆனாலும் வருவதில்லை. தரை தூள் கொட்ட ஆரம்பிக்கும். காலையில் பெருக்கினால் மாலையில் மறுபடி மாவு போலத் தூசி. பாய் விரித்தால் பாயெல்லாம் சாம்பல்.

சென்ஸஸ் கணக்கின் ஒரு குறை இங்கேதான் இருக்கிறது. கண்ணாடி போன்ற தரையும் "சிமெண்டு"தான். தூள் கொட்டும் தரையும் "சிமெண்டு"தான். முன்கூடத்தில் டைல்ஸும் அடுக்களையில் மண்ணுமாக இருந்தால், எது அதிக இடத்தில் இருக்கிறதோ அதைத்தான் எழுதுவார்கள். ஆகவே சிமெண்டு வீடுகள் பெருகிவிட்டன என்று புள்ளிவிவரம் வரும்போது, அதில் எத்தனை நல்ல தரை என்று தெரியாது.

டைல்ஸ்தான் வழியா? குஜராத்தில் உள்ள மோர்பி என்ற ஊரிலிருந்து டைல்ஸ் லாரி லாரியாக நாடு முழுவதும் போகிறது. நாட்டில் செய்யும் டைல்ஸில் பெரும்பகுதி அந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. சீக்கிரம் போடலாம், பளபளப்பு உண்டு. ஆனால் டைல்ஸுக்குக் கீழேயும் உறுதியான தளம் வேண்டும். அதன்மேல் டைல்ஸ் விலை, ஒட்டும் கலவை, கூலி எல்லாம் தனி. சிமெண்டு தரைக்குத் தளமும் மேல் பூச்சும் போதும்.

வரி விஷயத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. டைல்ஸ் வரி 2017-லேயே 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பெயிண்டு வரி 2018-ல் அப்படியே குறைந்தது. சிமெண்டுக்கு மட்டும் 28 சதவிகிதம் நீடித்தது. 2025 செப்டம்பர் 22 முதல்தான் அதுவும் 18 ஆயிற்று. ஏழை வீட்டுக்கு மிகவும் தேவையான பொருளுக்கு ஏன் இத்தனை காலம் அதிக வரி என்று கேட்டால், நியாயமான பதில் கிடைக்காது. ஒரு காலத்தில் சிமெண்டுக்கு பெர்மிட் வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். 1982-ல் அந்தக் கட்டுப்பாடு பாதி நீங்கி 1989-ல் முழுதும் நீங்கியது. அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு வரி பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம்!

பெயிண்டு ஏன் உரிகிறது?

சரி, தூள் கொட்டும் தரை வீட்டில் இருக்கிறது. டைல்ஸுக்குப் பணம் இல்லை. என்ன செய்யலாம்? கடைக்குப் போய் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டு வாங்கி வந்து அடிப்பதுதான் பலர் செய்வது. தீபாவளிக்கு ஜோராக இருக்கும். பொங்கலுக்குள் அப்பளம் அப்பளமாக உரியும். பிறகு பெயிண்டுக் கம்பெனியைத் திட்டுவோம்.

பெரும்பாலும் குற்றம் கம்பெனியுடையது அல்ல. காரணம் இரண்டு.

முதல் காரணம் காரம். சிமெண்டில் சுண்ணாம்புச் சத்து உண்டு. புதுச் சிமெண்டு கடுமையான காரமுள்ளது. சாதாரண எனாமல் பெயிண்டில் எண்ணெய்ச் சத்து உண்டு. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு ஆகும். சோப்புக் காய்ச்சுவதே இப்படித்தான். உங்கள் தரைக்கும் பெயிண்டுக்கும் நடுவே மெல்லிய சோப்புப் படலம் உண்டாகிறது. பெயிண்டு எப்படி ஒட்டும்?

இரண்டாவது காரணம் ஈரம். கீழே மண்ணிலிருந்து ஓதம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சிமெண்டு பார்க்கக் கல் போலத் தெரிந்தாலும் அதில் கோடிக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஈரம் ஆவியாக வெளியே போகும். மேலே பெயிண்டு மூடியிருந்தால் அந்த ஆவி பெயிண்டைத் தள்ளிக் கொப்புளமாக்கும். கூடவே உப்பும் வந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும்.

ஆகவே பெயிண்டு வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். செலவில்லாத சோதனை. ஒரு முழச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டித் தரையில் வைத்து, நாலு ஓரத்தையும் டேப்பால் இறுக ஒட்டுங்கள். ஒரு பகல் ஒரு இரவு விட்டு எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர் முத்து முத்தாக இருந்தாலோ, அந்த இடத்தில் தரை கறுத்திருந்தாலோ, கீழிருந்து ஈரம் வருகிறது என்று அர்த்தம். அந்தத் தரைக்கு என்ன விலைப் பெயிண்டு அடித்தாலும் வீண். அதைக் காவிப் பூச்சாகவோ டைல்ஸாகவோ மாற்றுவதுதான் சரி.

தரை காய்ந்ததாக இருந்தால் பெயிண்டு அடிக்கலாம். புதுத் தரையானால் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும். பழைய தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். தூள் கொட்டும் மேல் தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு தரைக்கென்றே விற்கும் பெயிண்டாகப் பார்த்து வாங்க வேண்டும். எபாக்ஸி என்று ஒன்று உண்டு. இரண்டு டப்பாவாக வரும். அடிக்கும் நேரத்தில் இரண்டையும் கலக்க வேண்டும். கலந்தது சிறிது நேரத்தில் இறுகிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது நல்லது. நன்றாக ஒட்டும், காரத்துக்கும் அஞ்சாது. விலைதான் அதிகம். வெயில் படும் இடத்தில் மஞ்சளிக்கும்.

தரையைச் சொரசொரப்பாக்க ஆசிட் ஊற்றும் பழக்கம் உண்டு. வீட்டில் தாங்களாகவே இதைச் செய்ய வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். செய்தே ஆக வேண்டுமானால் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். பிளீச்சிங் பவுடர் இருக்கும் இடத்தில் ஆசிட் படவே கூடாது. விஷவாயு கிளம்பும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெயிண்டில் ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று 2016-ல் மத்திய சர்க்கார் விதி செய்தது. 2017 நவம்பர் முதல் அது அமலுக்கு வந்தது. தவழும் குழந்தை உள்ள வீட்டில், பேர் தெரியாத மலிவு டப்பாவை வாங்காமல், ஈயம் பற்றி டப்பாவில் அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். எழுத்துத் தெரிந்ததன் பயன் இது போன்ற இடத்தில்தான். பழைய பெயிண்டை உலர்வாகச் சுரண்டித் தூசி கிளப்புவதும் கூடாது.

காவித் தரை

பெயிண்டே வேண்டாத ஒரு தரை நம்மிடம் இருந்தது. தாத்தா வீட்டுத் திண்ணையை நினைத்துப் பாருங்கள். சிவப்பாக, வழவழவென்று, மத்தியானத்தில் சட்டையில்லாமல் படுத்தால் முதுகு சில்லென்று இருக்குமே, அந்தத் தரைதான். ரெட் ஆக்சைடு தரை என்றும் காவித் தரை என்றும் சொல்வார்கள்.

அந்தச் சிவப்பு என்ன? இரும்புத் துருதான். காவிக் கல்லில் இருப்பதும் அதுவே. துருவுக்கு மேல் இரும்பு மேலும் துருப்பிடிக்காது அல்லவா? அதனால் அந்த நிறம் வெயிலில் வெளுப்பதில்லை. சிமெண்டின் காரமும் அதை ஒன்றும் செய்வதில்லை. பெயிண்டு தரையின் மேலே ஒட்டியிருப்பது. காவி தரையோடு தரையாக இறுகிப்போவது. அதனால்தான் அது உரிவதில்லை.

செலவையும் பார்ப்போம். பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அரைக்கால் அங்குலக் கனத்துக்கு நிறப் பூச்சு பூச, ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைந்த சிமெண்டு போதும். காவிப் பொடி சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதிகம் போட்டால் நிறம் கூடுமே தவிர வலு குறையும். ஆக, அறைக்கு நாலைந்து கிலோ.

பொருள் இவ்வளவுதான். வேலைதான் பெரிது. ஒரு அறைக்கு வேண்டிய சிமெண்டையும் காவியையும் உலர்வாகவே ஒரே தடவையில் கலந்து சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் நிறம் சேராது. அடிக் காங்கிரீட்டின் மேல் மணலும் சிமெண்டும் கலந்த பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே காவிப் பூச்சு. நடுவில் டீ குடிக்கப் போனால் அந்த இடம் திட்டாகத் தெரியும். பிறகு இரும்புக் கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். சீக்கிரம் தேய்த்தால் தண்ணீர் மேலே வரும். தாமதித்தால் இறுகிவிடும். அந்தப் பதம் கொத்தனாரின் கைக்குத்தான் தெரியும்.

நீர் மேலே நிற்கிறதே என்று வெறும் சிமெண்டைத் தூவித் தேய்க்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு. பிற்பாடு தூள் கொட்டும் தரைகளில் பல இப்படிப் பிறந்தவைதான். கலவையில் தண்ணீரைத் தாராளமாக விடுவதும் அதே பலனைத் தரும்.

பெரிய கூடமானால் கோடு அடித்துக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். சிமெண்டு காயும்போது சுருங்கும். பிரிக்காவிட்டால் தானே கோடு போட்டுக்கொள்ளும், கோணல் மாணலாக!

மறுநாள் முதல் ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். "எங்களுக்கு அவசரம், குடிபோக நாள் பார்த்தாயிற்று" என்பவர்களுக்குக் காவித் தரை ஒத்துவராது. பிறகு நன்றாகக் காயவிட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தால் பளபளப்பு வரும். முதல் சில நாள் வெள்ளை வேட்டியில் காவி ஒட்டும். பயப்பட வேண்டாம், நின்றுவிடும். புளித்தண்ணீர், எலுமிச்சம்பழச் சாறு, கக்கூஸ் கழுவும் ஆசிட் இவை பட்டால் மட்டும் உடனே துடைத்துவிடுங்கள். புளிப்பு, சுண்ணாம்புச் சத்தைத் தின்றுவிடும். குளிக்கும் இடத்தில் வழவழப்பு வேண்டாம். அங்கே கரண்டியைக் கொண்டு கோடு கிழித்துச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லும் இதே குடும்பம்தான். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து நிறச் சிமெண்டை ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் சேர்த்து, தண்ணீரில் ஊற வைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை.

கை எங்கே?

இவ்வளவு நல்ல தரை ஏன் அருகிப்போயிற்று? மக்களுக்குப் பளபளப்பில் மோகம் என்று சொல்வது பாதி உண்மை. மறு பாதி, கொத்தனார் கிடைக்கவில்லை. டைல்ஸ் ஒட்டும் வேலையில் நாள் ஒன்றுக்கு இத்தனை சதுர அடி என்று கணக்குப் பார்த்துக் கூலி வாங்கலாம். காவித் தரையில் நாள் முழுவதும் குத்துக்காலிட்டுத் தேய்த்து, கடைசியில் ஒரு விரிசல் வந்தால் பேச்சும் கேட்க வேண்டும். எவர் மகன் இந்த வேலைக்கு வருவான்? ஈரச் சிமெண்டு காலையும் கையையும் புண்ணாக்கும். வெறுங்காலோடு நிற்கும் சித்தாளுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுக்கிற மேஸ்திரி எத்தனை பேர்? டைல்ஸ் வேலையிலும் ஆபத்து உண்டு. உலர்வாக அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற நோயைத் தரும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காது. இது தெரியாத மேஸ்திரி இல்லை. செய்கிறவர்தான் இல்லை.

இப்போது பட்டணங்களில் வசதியுள்ள சிலர் காவித் தரையைத் தேடிப் போகிறார்கள். அதைப் போட அதிகக் கூலி கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள். ஏழையின் தரையாக இருந்தது பணக்காரரின் ஆசைப் பொருளாகிவிட்டது! ஊரில் அந்தக் கைப்பழக்கம் உள்ள பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டுத் திட்டத்தில் நூறு வீடு ஓர் ஒன்றியத்தில் எழும்போது, அவர்களில் இரண்டு பேரை அழைத்துப் பத்து இளைஞர்களுக்கு அந்த நூறு தரைகளிலேயே தொழில் சொல்லிக்கொடுக்கச் செய்ய முடியாதா? தரைக்கான சிமெண்டையும் காவியையும் ரொக்கமாக அல்லாமல் பொருளாகவே, கூரை முடிந்த பிறகு தனியாகக் கொடுக்க முடியாதா? மெக்ஸிகோவில் பணத்தைக் கொடுக்கவில்லை, காங்கிரீட்டைத்தான் கொண்டுவந்து கொட்டினார்கள். பணமாகக் கொடுத்திருந்தால் அது தரைக்குப் போயிருக்குமா, கடனுக்குப் போயிருக்குமா?

2027 கணக்கின் தரை விவரம் அச்சாகும்போது 2011-ன் 46.5-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் உங்கள் ஒன்றியத்தின் எண் என்ன என்று பஞ்சாயத்துத் தலைவரிடம் கேளுங்கள்.